முத்தியால்பேட்டையிலிருந்து தெற்கு புல்வார் வரை: நடந்து காணும் வரலாறு

புதுச்சேரியைக் காண வரும் வெளியூரார் பெரும்பாலும் கடற்கரையில் இறங்கி, வெள்ளையர் வீதிகளில் சில படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஊர் எப்படி உருவாயிற்று என்று அறிய விரும்புவோர் வடக்கிலிருந்து, அதாவது நம் முத்தியால்பேட்டையிலிருந்து நடந்து செல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். வழிகாட்டி தேவையில்லை. காலைத் திருப்பலி முடிந்து புறப்பட்டால் வெயில் ஏறுமுன் நகரைக் கண்டு முடிக்கலாம்.

இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரரை இக்கரைக்கு இழுத்து வந்தது துணி வணிகம். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கு வந்து அமர்ந்தபோது அவர் நாடியது நெசவாளரையும் சாயக்காரரையுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் புதுவையின் நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனெகல் வரை சென்றது. தறி ஓசை கேட்ட நம் பேட்டை போன்ற இடங்களின் உழைப்பின்மேல்தான் தெற்கே தெரியும் மாளிகைகள் எழுந்தன.

காந்தி வீதி வழியே தெற்கு நோக்கி நடந்தால், வடக்கு புல்வாராகிய சர்தார் பட்டேல் சாலை குறுக்கிடும். அதைத் தாண்டியதும் கட்டம் போட்டாற்போல் நேர்வீதிகள் தொடங்குகின்றன. இதற்காகப் பிரெஞ்சுக்காரரைப் புகழ்வது வழக்கம். ஆனால் 1693-இல் ஊரைக் கைப்பற்றி, 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களே இந்த நேர்வீதித் திட்டத்தை வரைந்தவர்கள். திரும்பப் பெற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

காந்தி வீதிக்கும் மிஷன் வீதிக்கும் இடையே உள்ள கல்வே சுப்பராயச் செட்டி வீதி, மக்கள் வழக்கில் வைசியாள் வீதி. இங்கே சற்று நிற்க வேண்டும். வீட்டுக்கு முன்னே மரக்கால்கள் தாங்கிய ஓட்டுச் சாய்ப்பு, அதுவே தாழ்வாரம். அடுத்து திண்ணை, பிறகு நடை, உள்ளே முற்றம். தாழ்வாரம் வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக விடப்பட்டது. வீடுதோறும் அது தொடர்ந்ததால் வீதி முழுவதும் நிழலில் நடக்க முடிந்தது. வெள்ளையர் பகுதியிலோ உயர்ந்த மதில், பெரிய வாயில், தோட்டமெல்லாம் உள்ளே. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இவ்வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. ஆனால் அடுத்த வீதிகளில் தாழ்வாரத்தை இடித்துக் கடை கட்டுவது நிற்கவில்லை.

பெரிய மார்க்கெட்டையொட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் துய்ப்ளேக்சின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை உள்ளது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடு. மேல்தளம் சுதைத் தூண்களோடு பிரெஞ்சு வீடு. ஒரே கட்டடத்தில் இரண்டு ஊர்! 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த அவர் 1761 சனவரி 12-இல் மறைந்தார். நான்கு நாள் கழித்து ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் தரைமட்டமாக்கினர். ஆகவே இன்று கிழக்கே காணும் பிரெஞ்சு மாளிகைகள் 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்த பின், லா தெ லொரிஸ்தோன் ஆளுநர் காலந்தொட்டு எழுந்தவையே. பிள்ளையின் வீடு அவற்றுக்கெல்லாம் மூத்தது.

மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னை பேராலயம், அதாவது சம்பா கோவில். புனித பவுல் பெயரே மக்கள் நாவில் சம்பா ஆயிற்று என்பர். சேசு சபையார் கட்டிய முந்தைய ஆலயங்கள் போரில் அழிந்தன. இப்போதுள்ளது 1791-இல் முடிந்தது. முகப்பு பாரீசின் வால் தெ கிராஸ் ஆலயத்தை நினைவூட்டுவது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில், 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் இடிக்கப்பட்டது. பிள்ளையின் நாட்குறிப்பு அந்நாளின் வேதனையைப் பதிந்திருக்கிறது. அக்கோவில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. ஈசுவரன் கோவில் வீதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது. வருகிற விருந்தினரிடம் முகப்பின் அழகை மட்டும் சொல்லி அனுப்புவது நமக்கு அழகன்று.

பெரிய வாய்க்காலைக் கடந்தால் வெள்ளையர் பகுதி. பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்தைப் பலரும் அறிவர். கடற்கரையில் இருக்கும் 'மேரி' கட்டடத்தைத் தேவதாயின் பெயர் கொண்டதென்று நம்மவர் சிலர் எண்ணுவதுண்டு. அது பிரெஞ்சில் நகரமன்றத்தைக் குறிக்கும் சொல். 1870-71-இல் கட்டிய அந்த மன்றம் பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் 29-இல் மழையில் சரிந்து விழுந்தது. இன்று நாம் பார்ப்பது பழைய சாயலில் கட்டி 2021-இல் திறக்கப்பட்ட புதுக் கட்டடம். உத்திரங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கிய பழைய தளங்களுக்கு மழைநீர் தேங்குவதே எமன். நம் வீட்டு மாடியில் ஆலஞ்செடி முளைத்தால் அன்றே வேரோடு எடுக்கச் சொல்லும் பெரியவர்கள் கட்டடக்கலை படித்தவர்கள் அல்லர். காரணம் மட்டும் தெரிந்தவர்கள்.

துய்மா வீதியில் சம்மனசுகளின் அன்னை ஆலயம் உண்டு. கப்புச்சின் சபையார் வழி வந்த பெயர் கப்ஸ் கோவில். 1855-இல் முடிந்த இதற்கு மூன்றாம் நெப்போலியன் அளித்த விண்ணேற்பு அன்னை ஓவியம் உள்ளே இருக்கிறது. சுவரின் சுண்ணாம்புப் பூச்சைத் தொட்டுப் பாருங்கள், சலவைக்கல் போல் வழுவழுப்பாக இருக்கும்.

கடைசியாகத் தெற்கு புல்வாரில், இரயில் நிலையத்துக்கு அருகே, தூய இருதய ஆண்டவர் ஆலயம். கூர்வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட கோத்திக் பாணி. முந்தைய இரண்டு ஆலயங்களுக்கும் இதற்கும் உறவே இல்லாததுபோல் நிற்கும். 1907-இல் முதல் திருப்பலி நடந்தது. 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. உள்ளே சிறிது நேரம் அமர்ந்து இளைப்பாறலாம். பேட்டைக்குத் திரும்புவோர் வந்த வழியே வராமல் வேறு வீதிகளில் வந்தால், இன்னும் இடிபடாத தாழ்வாரங்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வரலாம்.