அச்சம் கட்டிய கோட்டை

கடலின் நடுவே ஒரு கோட்டை. சுற்றிலும் நீர், வட்டமான மதில், மதிலின்மேல் இரும்புக் கவசம். உள்ளே நுழைந்தாலோ மெத்தை விரித்த படுக்கையறைகள், விருந்துக்கூடம், மதுக்கூடம். உச்சியில் ஹெலிகாப்டர் இறங்குவதற்கான தளம். இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கும் வைட் தீவுக்கும் இடையேயுள்ள ஸ்பிட்ஹெட் கடற்பரப்பில் இத்தகைய கோட்டைகள் நிற்கின்றன. அவற்றுள் 'நோ மேன்ஸ்', 'ஸ்பிட்பேங்க்' என்னும் இரண்டும் செல்வந்தர் தங்கிக் களிக்கும் விடுதிகளாக மாற்றப்பட்டு, பின்னர் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் முதலில் 40 லட்சம் பவுண்டு அளவில் விலை கேட்கப்பட்டது. 2024 ஜூன் மாதம் ஏலத்துக்கு வந்தபோது அது 10 லட்சம் பவுண்டு அளவுக்கு இறங்கியிருந்தது.

விலை ஏறுவதும் இறங்குவதும் வணிகர் கவலை. வரலாற்றைப் படிக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இக்கோட்டைகளைக் கட்டியவர் யார்? யாருக்கு அஞ்சிக் கட்டினர்? அஞ்சியது நடந்ததா?

1859ஆம் ஆண்டு பிரான்சு நாடு 'லா குளுவார்' என்னும் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. மரத்தாலான உடலின்மேல் இரும்புத் தகடு போர்த்திய கப்பல் அது. அன்றுவரை கடலரசி எனத் தருக்கியிருந்த இங்கிலாந்து திடுக்கிட்டது. அதன் பெரும் போர்க்கப்பல்கள் மரக்கலங்களே. பிரான்சை ஆண்டவரோ மூன்றாம் நெப்போலியன். ஐரோப்பாவை நடுங்க வைத்த முதலாம் நெப்போலியனின் தம்பி மகன். பெயரே போதுமானதாயிற்று. 'பெரியப்பன் செய்யாமல் விட்டதை மகன் செய்வான். பிரெஞ்சுப் படை கால்வாயைக் கடந்து வரும்' என்ற பேச்சு எங்கும் பரவியது.

அதே ஆண்டில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1860இல் அது தந்த அறிக்கை, துறைமுகங்களையும் கப்பல் தளங்களையும் கோட்டைகளால் சூழ வேண்டும் என்றது. அதற்கு ஒரு கோடிப் பவுண்டுக்கும் மேல் செலவாகும் என்றும் கணித்தது. பிரதமர் பாமர்ஸ்டன் பிரபு திட்டத்தை முழு மூச்சாக ஆதரித்தார். நிதியமைச்சர் கிளாட்ஸ்டனோ மக்கள் பணம் வீணாகிறது என்று எதிர்த்து, பதவி விலகுவதாகவும் எச்சரித்தார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தை இழப்பதைவிட கிளாட்ஸ்டனை இழப்பது மேல் என்ற கருத்தில் பாமர்ஸ்டன் விக்டோரியா அரசிக்கு எழுதினார். அச்சமும் சிக்கனமும் வழக்காடின, அச்சமே வென்றது.

கடலின் நடுவே கோட்டை எழுப்புவது எளிய செயலன்று. கடலடியில் பெருங்கற்களை வளையமாக அடுக்கி, இடையே களிமண்ணும் சரளையும் நிரப்பி, மேலே கற்காரை இட்டு அடித்தளம் அமைத்தனர். 'நோ மேன்ஸ்', 'ஹார்ஸ் சேண்ட்' என்னும் பெரிய கோட்டைகள் இரண்டும் ஏறத்தாழ 200 அடி விட்டமுடையவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. உப்புநீர் சூழ்ந்த இடத்தில் வீரர்கள் குடிப்பதற்காக ஸ்பிட்பேங்க் கோட்டையில் கடலடி மண்ணைத் துளைத்து 400 அடி ஆழத்தில் நன்னீர் கண்டனர். இத்தனை உழைப்பும் ஒரே ஒரு நாளை எண்ணித்தான்: பிரெஞ்சுக் கப்பல்கள் தோன்றும் நாள்.

வரலாறு நம்மைத் தலைகுனிய வைக்கும் இடம் இதுவே. கோட்டைகள் இன்னும் கட்டி முடியவில்லை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. செப்டம்பர் தொடக்கத்தில் செடான் நகரில் மூன்றாம் நெப்போலியன் தோற்றுச் சிறைப்பட்டார். பாரிசில் மக்கள் கிளர்ந்தெழுந்து குடியரசை அறிவித்தனர். பேரரசி யூஜீனி அரண்மனையைவிட்டுத் தப்பி, தாமஸ் எவான்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவரின் வீட்டில் தஞ்சம் புகுந்தார். அவரது துணையுடன் கடற்கரையை அடைந்து, ஆங்கிலேயர் ஒருவரின் சிறிய பாய்க்கப்பலில் ஏறினார். புயலில் அலைக்கழிந்த அக்கப்பல் செப்டம்பர் 8ஆம் நாள் கரை சேர்ந்தது. எங்கே? வைட் தீவின் ரைடு நகரில். அதாவது அந்தக் கோட்டைகள் எழும்பிக்கொண்டிருந்த ஸ்பிட்ஹெட் கடலின் கரையில்!

எண்ணிப் பார்ப்போம். எந்த அரண்மனையிலிருந்து படையெடுப்பு வரும் என்று அஞ்சி ஒரு நாடு பத்தாண்டுகளாகக் கருங்கல்லும் இரும்பும் குவித்ததோ, அந்த அரண்மனையிலிருந்து வந்தவர் கடல் நீரில் நனைந்து நடுங்கிய ஒரு பெண். பகைவர் என எதிர்பார்க்கப்பட்டவர் அகதியாக வந்தார்.

அடுத்த ஆண்டு, விடுதலை பெற்ற மூன்றாம் நெப்போலியனும் இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்தார். 1873இல் அங்கேயே இறந்தார். அவர்களின் ஒரே மகன் லூயி, இங்கிலாந்தின் உல்லிச் இராணுவக் கல்லூரியில் பீரங்கிப் படைப் பயிற்சி பெற்றான். 1879இல் தென்னாப்பிரிக்காவில் சூலு மக்களுக்கு எதிரான போரில், பிரித்தானியப் படையுடன் சென்றபோது கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 23. கடற்கோட்டைகளின் பணி முற்றுப்பெற்றது 1880இல். எந்தக் குடும்பத்துக்கு அஞ்சிக் கோட்டைகள் தொடங்கப்பட்டனவோ, அந்தக் குடும்பத்தின் வாரிசு அவை முடியுமுன்பே இங்கிலாந்தின் சீருடையில் மாண்டு போனான்.

பாமர்ஸ்டன் 1865லேயே மறைந்துவிட்டார். மக்கள் அக்கோட்டைகளுக்கு 'பாமர்ஸ்டனின் மடமைகள்' என்று பெயர் சூட்டினர். நாம் அவ்வளவு எளிதாக நகைத்துவிட வேண்டாம். காவல் இருந்ததால்தான் கள்வன் வரவில்லை என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டு உலகப் போர்களின்போதும் அக்கோட்டைகள் துறைமுகக் காவலுக்குப் பயன்பட்டன. ஆனால் அப்போது எதிரி பிரான்சு அன்று. பிரெஞ்சு வீரரும் ஆங்கில வீரரும் தோளோடு தோள் நின்றனர். ஒரு தலைமுறையின் பகைவன் அடுத்த தலைமுறையின் துணைவனாகிறான். மதில் மட்டும் பழைய பகையின் வடிவிலேயே நின்றுவிடுகிறது.

1956இல் பிரித்தானியா தன் கரையோரப் பீரங்கிப் படையையே கலைத்தது. 1980களில் கோட்டைகள் தனியார் கைக்குச் சென்றன. பொதுமக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. பெயர் அறியாத தொழிலாளர் பலரின் வியர்வையில் நின்றவை. வெடிமருந்து வைத்த அறைகளின் அருகே பிற்காலத்தில் மது அருந்தும் இருக்கைகள் இடம்பெற்றன. வரலாற்றுச் சின்னங்களாக அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் அக்கதையைக் கேட்க விரும்பும் ஏழை மாணவன் படகேறி உள்ளே செல்ல இயலுமா? காசு உள்ளவனுக்கே கதவு திறக்கும்போது, பொது நினைவும் தனிச் சொத்தாகிவிடுகிறது. பழங்கட்டடம் பாழாகாமல் காப்பதற்குப் பணம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடத்தை வாங்குபவர் அதன் நினைவையும் சேர்த்துப் பூட்டிவிடலாகாது.

யூஜீனியின் கதை அத்துடன் முடியவில்லை. கணவனையும் மகனையும் இழந்த அவர், தென் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் குடியேறினார். அவர்களை அடக்கம் செய்வதற்காக 1880களில் அங்கே புனித மிக்கேல் பெயரால் ஆலயமும் துறவு மடமும் எழுப்பினார். 1895 முதல் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் அங்கு வாழ்ந்து வருகின்றனர். முதல் உலகப் போர் மூண்டபோது, தொண்ணூறை நெருங்கிய அந்த மூதாட்டி, காயமுற்ற பிரித்தானிய அதிகாரிகளுக்காகத் தம் இல்லத்திலேயே மருத்துவமனை அமைத்தார். ஒருகாலத்தில் தம் நாட்டைக் கண்டு அஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு அவர் வீடே அடைக்கலமாயிற்று. 1920இல், தம் 94ஆம் வயதில் இறந்து, கணவனும் மகனும் துயிலும் அதே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரே காலத்தின் இரண்டு கட்டடங்கள் நம் கண்முன் நிற்கின்றன. அச்சம் கட்டியது ஒன்று. துயரம் கட்டியது மற்றொன்று. அச்சம் கட்டியதற்கு 2024இல் ஏலம் கூறினர். துயரம் கட்டியதில் மன்றாட்டு ஒலிக்கிறது.

நம் இல்லங்களிலும் ஊர்களிலும்கூட, வராத பகைவனுக்காக நாம் எழுப்பும் மதில்கள் எத்தனை! அண்ணன் தம்பிக்கு அஞ்சி எழுப்பும் சுவர், அடுத்த தெருவாருக்கு அஞ்சி இடும் வேலி. இவற்றுக்காகச் செலவிட்ட பொருளும் ஆண்டுகளும் திரும்பி வருவதில்லை. ஒருநாள் அதே சுவரருகே நனைந்து நடுங்கி ஒருவர் வந்து நிற்கக்கூடும். அப்போது நமக்குத் தேவைப்படுவது பீரங்கி அன்று. திறக்கக்கூடிய ஒரு கதவு.