புளிக்குத் தோற்ற பாத்திரங்கள்

இன்னைக்கு நம்ம எபிசோடோட ஹீரோ, ஒரு எலுமிச்சை அளவு புளி.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும், இல்லையா? எலுமிச்சைத் தோலால தேய்ச்சா அரிவாள்மனையில ஏறுன துரு இளகிடும். அழுக்கு போச்சுன்னு நாம நினைக்கிறோம். ஆனா அங்கே நடப்பது வேறு. காற்றுபட்டுக் கறுத்த மேல்படலத்தை, புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கரைக்கிறது. ரொம்ப நேரம் ஊறவிட்டால், அடியில் இருக்கும் செம்பும் கரைய ஆரம்பிக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு காலத்துல சமையலும் இதே பித்தளையிலதான். புளி இல்லாம நமக்கு ஏது குழம்பு? புளிக்குழம்பை அதில் கொதிக்க வைத்தால், கரைந்த செம்பு குழம்பில் இறங்கும். களிம்பு ஏறிய பாத்திரத்தில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுவலி.

இதுக்கு நம்ம ஆட்கள் வச்சிருந்த பதில், ஈயம் பூசுறது. பாத்திரத்தைக் கரி நெருப்பில் காய்ச்சி, உள்ளே நவச்சாரம் தூவுவார்கள். வெள்ளைப் புகை கிளம்பும். ஈயம் உருகியதும் துணியால் உள்பக்கம் முழுக்க இழுத்துவிடுவார்கள். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இங்கதான் இருக்கு: சூட்டில் நவச்சாரமும் அமிலத்தைத்தான் வெளிவிடுகிறது. அது உலோகத்தைச் சுத்தமாக்குவதால்தான் ஈயம் ஒட்டுகிறது. அமிலத்தை வச்சே அமிலத்துக்கு ஒரு தடுப்பு!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். பூசும் ஈயமும், ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம். பாடப்புத்தகம் ‘ஈயம்’ என்று சொல்வது காரீயத்தை; அது விஷம். பேர் ஒண்ணுதான், பொருள் வேற.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துல. 1913-ல் ஹாரி பிரியர்லி, சீக்கிரம் தேயாத துப்பாக்கிக் குழலுக்காக எஃகில் குரோமியம் கலந்து சோதித்துக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட 13 சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகு, வினிகருக்கும் எலுமிச்சைச் சாறுக்கும் அசரவில்லை. ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பேர்போன ஊர். பழம் நறுக்கினாலே கறை படியும் கத்திகள் அவை. துப்பாக்கியை விட்டுட்டு அவர் மனசு கத்திப் பக்கம் போயிடுச்சு. அந்த எஃகின் வம்சம்தான் நம்ம வீட்டு எவர்சில்வர். அது வந்த பிறகு, தெருத்தெருவாக வந்த ஈயம் பூசுபவருக்கு வேலை குறைந்துபோனது.

இப்போ பித்தளைப் பாத்திரம் மறுபடியும் ஃபேஷன். பழைய உருளி ஒண்ணு வாங்கி சாம்பார் வைக்கப் போறீங்களா? முதல்ல உள்ளே எட்டிப் பாருங்க. வெள்ளி மாதிரி வெளுப்பாக இருந்தால் ஈயம் பூசியிருக்கிறது. அதைப் புளி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். மஞ்சளாகத் தெரிந்தால் ஈயம் இல்லை. பூசும் வரைக்கும் அதில் புளி வேண்டாம். பூசுறவங்க இன்னும் சில ஊர்கள்ல இருக்காங்க, தேடிப் பிடிங்க.