குருதியிலே இரைப்பையின் செய்தி

இரத்தோட்டையிலிருந்து லக்கலைப் பக்கமாக ஏறிச் செல்லும் பாதையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின்மேல் இருக்கிறது ரிவர்ஸ்டன். காற்று ஓயாத இடம். மரங்கள் நிமிரத் துணியாமற் குறுகியே வளர்ந்திருக்கின்றன. அம்மலைச் சரிவுகளிலே வாழும் ஒருவருக்குத் தீராத வயிற்றுநோய் கண்டால் என்ன செய்வது? மூடுபனியிலே பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். இரவு முழுவதும் பட்டினி கிடந்து, நகரத்து வைத்தியசாலையிலே விளக்குப் பொருத்திய குழாயொன்றை விழுங்கவும் வேண்டும். குழாய் என்ற சொல்லைக் கேட்டதுமே, "இப்போது நோவு குறைந்துவிட்டது, ஐயா" என்று வீடு திரும்புவோர் எல்லா ஊர்களிலும் உளர்.

குருதியோ ஒரு சிறு குப்பியிலே அடங்கிவிடும். நோயாளி இறங்காமலே அது மலையிறங்கும். இரைப்பைச் சுவரின் நிலையை அந்தச் சில துளிகளிலே படித்துவிட முடியுமா? நேயர்களே, இந்தக் கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

இரைப்பையின் உள்ளே நடப்பதை மனிதன் கண்ணாற் கண்டது ஒரு விபத்தினாலே. 1822ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் மக்கினோ தீவிலே, அலெக்சி சென் மார்ட்டின் என்னும் கனேடிய இளைஞன் தவறுதலாக வெடித்த துப்பாக்கியினாற் காயமுற்றான். உயிர் பிழைத்தான், ஆனால் வயிற்றிலே ஏற்பட்ட துளை மூடவில்லை. படை வைத்தியர் வில்லியம் போமன்ற் அத்துளை வழியாக இறைச்சித் துண்டுகளை நூலிற் கட்டி இறக்கி, அவை கரைவதைக் கண்டு, 1833இலே நூலாக எழுதி வெளியிட்டார். வைத்தியருக்குப் புகழ் கிடைத்தது. அந்த ஏழை இளைஞனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் குறைவு.

மூன்றாண்டுகளின் பின், 1836இலே, ஜேர்மானியரான தியோடோர் சுவான் இரைப்பை நீரிலே அமிலத்தைத் தவிர வேறொரு பொருளும் இருந்து இறைச்சியைக் கரைக்கிறது என்று காட்டி, அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார். இறைச்சியைக் கரைக்கும் அப்பொருள், தன்னை உண்டாக்கும் உயிரணுவையே ஏன் கரைத்துவிடவில்லை? கேம்பிறிட்ஜிலே ஆராய்ந்த லாங்லி என்பார் இதற்கு விடை கண்டார். சுரப்பிகளிலே இருப்பது பெப்சின் அன்று, அதன் முன்னோடியே. சோடாக் காரத்தை இட்டால் பெப்சின் விரைவிலே அழிந்துபோகும், முன்னோடியோ தாக்குப்பிடிக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே லாங்லியும் எட்கின்சும் 1886இலே இரண்டையும் பிரித்துக் காட்டினர். உறையிலிட்ட கத்தி போன்ற அந்த முன்னோடிக்குப் பெப்சினோஜன் என்று பெயர். இரைப்பையின் அமிலம் பட்டதும் உறை கழலும், கத்தி வெளிப்படும்.

பெப்சினோஜனிலே பெரும்பகுதி இரைப்பைக்குள்ளேயே சுரக்கிறது. ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு குருதியிலே கசிகிறது. வியன்னாவிலே புறூக்கே என்னும் அறிஞர் 1861இலேயே சிறுநீரில் இச்சத்தின் சாயலைக் கண்டிருந்தார். கசிவு என்பது வீண்போனது என்றே எவரும் எண்ணுவர். அந்த வீண்தான் பின்னர் செய்தியாயிற்று.

இனித் தென்னாட்டுக்கு வருவோம். மாத்தளைத் தோட்டங்களிலே தேயிலைக் கொழுந்து கிள்ளுவோரின் முன்னோர் புறப்பட்ட திசை அது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரிலே, 1920களிலிருந்து பல்லாண்டுகள் அறுவை வைத்தியராக இருந்தவர் ஹொவார்ட் சொமர்வெல். 1922, 1924 ஆகிய ஆண்டுகளிலே எவரெஸ்ற் ஏற முயன்ற குழுக்களிலும் இடம்பெற்றவர் அவர். முன்சிறுகுடற் புண்ணாலே வாடி, உண்டதெல்லாம் வாந்தியாகி, எலும்புந் தோலுமாய் வந்தவர்களுக்கு அவர் அறுவை செய்தார். 1948இலே இரைப்பை அறுவை பற்றித் தனிநூலும் எழுதினார். புண் ஏன் தென்னாட்டிலே இத்துணை மிகுதி என்பதற்கு உணவைக் காரணமாகக் காட்டினோர் பலர். நோயாளியின் சொல், கைத்தொடுகை, கதிர்ப்படம் ஆகியவற்றுக்கு அப்பால், வயிற்றைத் திறவாமல் அறிய அக்காலத்து வைத்தியருக்கு வழி மிகக் குறைவு.

அந்நிலையிலேதான் 1952இலே அமெரிக்காவின் மிர்ஸ்கி குருதிப் பெப்சினோஜனை அளக்கும் முறையை வெளியிட்டார். அவரும் தோழர்களும் படையிற் புதிதாகச் சேர்ந்த 2,073 பேரைச் சோதித்து, அளவு மிகுந்த 63 பேரையும் குறைந்த 57 பேரையும் தெரிந்தெடுத்தனர். 1957இலே வெளியான முடிவு வியப்பூட்டியது. புண் காணப்பட்டவர் ஒன்பது பேர்; ஒன்பது பேரும் அளவு மிகுந்த கூட்டத்தினரே! மிகு சுரப்பும் மனத்துயரும் சேர்ந்தாற் புண் உண்டாகும் என்று விளக்கம் கூறப்பட்டது. 1979இலே இம்மிகுதி சில குடும்பங்களிலே பரம்பரையாக வருவது என்றும் ஆய்வாளர் எழுதினர்.

எண் சரியே, அதற்குச் சொன்ன பொருளே முழுமையற்றது. 1982இலே அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே வொறனும் மார்ஷலும் இரைப்பையிலே வாழும் ஒரு பக்றீரியாவை வளர்த்துக் காட்டினர். 2005இலே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பக்றீரியா இரைப்பைச் சுவரை அழற்சியுறச் செய்யும்போது பெப்சினோஜனும் குருதியிலே மிகுகிறது. அதனை ஒழித்தால் அளவு இறங்குகிறது. மனக்கவலை என்றும் குலவழி என்றும் கருதப்பட்டதிலே பெரும்பகுதி, ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியதாக இருக்கலாமன்றோ? கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பப்பட்ட நோயாளிகளை எண்ணினால் மனம் கூசுகிறது.

இதற்கிடையிலே சம்லொவ் என்னும் அமெரிக்கர் பெப்சினோஜன் ஒன்றல்ல, இரு வகையின என்று பிரித்தறிந்தார். முதல்வகை இரைப்பையின் உடற்பகுதியிலே மட்டும் உண்டாவது. இரண்டாம் வகை அங்கும், கீழ்ப்பகுதியிலும், முன்சிறுகுடலின் தொடக்கத்திலும் உண்டாவது. நெடுநாள் அழற்சியாலே உடற்பகுதிச் சுரப்பிகள் மெலிந்து அழியுமாயின் முதல்வகை குறையும். இரண்டாம் வகை அவ்வளவாகக் குறையாது. ஆகவே இரண்டின் விகிதமும் வீழும். அத்தகைய மெலிவே இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடுவது. இவ்வாறு மிகுதியைத் தேடி வந்த சோதனை குறைவைத் தேடும் சோதனையாக மாறிற்று.

யப்பானிலே மிக்கி என்னும் வைத்தியரும் பிறரும் இதனைப் பொதுமக்களிடையே பயன்படுத்தினர். முதல்வகை மில்லிலீற்றருக்கு 70 நனோகிராம் அல்லது அதற்குக் கீழ், விகிதம் 3 அல்லது அதற்குக் கீழ் என்பது அவர்கள் வகுத்த எல்லை. பின்னர் பக்றீரியாவுக்கு எதிரான குருதிச் சான்றையும் சேர்த்துப் பார்த்தனர். இதிலே விசித்திரம் ஒன்றுண்டு. சுரப்பிகள் மிகவும் அழிந்த இரைப்பையிலே பக்றீரியாவும் வாழ இயலாமற் போய்விடும். பக்றீரியா இல்லை என்னும் சான்றும் மெலிவைக் காட்டும் அளவும் சேர்ந்து வந்தால், அவரே பேரிடருக்குரியவர். வெற்று வீட்டைக் கண்டு கள்வன் வரவேயில்லை என்று கருதுவது தவறல்லவா?

எனினும் இவ்வெண்ணை நோய்த்தீர்ப்பு என்று கொள்ளலாகாது. மெலிவின்றித் தோன்றும் புற்றுநோய் இதற்கு அகப்படாமற் போகலாம். அமிலத்தை அடக்கும் மாத்திரை உண்பவருக்கும் சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் அளவு உயர்ந்து மெலிவை மறைக்கும். ஊருக்கு ஊர் எல்லையும் வேறுபடும். சென்னையிலே ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்னணியில் நின்றது. இலங்கையிலோ அந்நோய் ஒப்பளவிற் குறைவு. யப்பானின் அளவுகோலை அப்படியே எடுத்து மாத்தளையிலே வைத்து அளப்பது பொருந்தாது.

இச்சோதனை குழாயை ஒழித்துவிடவில்லை; யார் முந்திக் குழாயை விழுங்கவேண்டும் என்று வரிசைப்படுத்துவதே அதன் வேலை. ரிவர்ஸ்டன் சரிவிலிருந்து நூறு குப்பிகள் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அளவு குறைந்த சிலருக்கு மாத்திரம், பேருந்துக் கட்டணமும் ஒருநாட் கூலியும் போனாலும் இறங்கியே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பலாம். அளவு குறையாதவரும் எடை குறைந்தாலோ, மலம் கருத்தாலோ, விழுங்குவது தடைப்பட்டாலோ, குப்பியை நம்பி வீட்டிலே இருந்துவிடக் கூடாது. அன்றே பேருந்து ஏறவேண்டும்.