அழைத்தவர் காத்திருந்தபோது

சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள நோணாங்குப்பத்தில் ஓர் அன்பியக் கூட்டம். நற்செய்தி வாசகம் முடிந்ததும் அனைவரும் நம் முகத்தையே நோக்கினர். வழக்கம்போல் நாமே பேசினோம். முடிவையும் நாமே கூறினோம். செபம் சொல்லிக் கலைந்தனர். அம்முடிவோ அடுத்த கூட்டம்வரைகூட உயிரோடிருக்கவில்லை.

கூடிவரும் மக்கள் தாமாக எழுந்து செயலாற்ற என்ன வேண்டும்? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கடலூர்ச் சாலை வழியே நாம் அன்றாடம் சென்றுவரும் புதுவை நகரில் 1844ஆம் ஆண்டு நடந்த மாமன்றமே ஒரு நல்ல பாடம்.

அப்போது சோழமண்டலக் கடற்கரையின் அப்போஸ்தலிக்கப் பதிலாளாக விளங்கியவர் கிளமாந் பொன்னாந் ஆண்டகை. சுற்றுமடல் ஒன்றின் வழியாகவே அவர் கட்டளையிட்டிருக்கலாம். அவரோ தம் குருக்களை ஒன்றுகூட்டினார். சனவரி 18 முதல் பெப்ருவரி 13 வரை, ஏறத்தாழ நான்கு வாரங்கள், அவர்கள் கலந்தாய்வு செய்தனர். பேச்சு பலவாறாகச் சிதறவில்லை. இந்நாட்டு மைந்தரைக் குருக்களாக உருவாக்குவதே அதன் நடுப்பொருள். கல்விப்பணி அதனோடு இணைந்து நின்றது.

மன்றம் கலைந்தபின் பணி பலர் கைகளுக்குச் சென்றது. அதே ஆண்டில் பெத்தி செமினார் கல்விக்கூடம் தோன்றியது. பெண்கல்வி அரிதாயிருந்த அந்நாளில், சிறுமியரின் கல்விக்கென அக்டோபர் 16 அன்று துப்புயி அடிகளார் மரியன்னையின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையை நிறுவினார். மன்றத்தின் கருத்துகளை லுக்கே அடிகளார் உரோமைக்கு எடுத்துச் சென்றார். 1845 நவம்பர் 23 அன்று வெளிவந்த உரோமை மடல், மண்ணின் குருக்களை வெறும் துணையாளராக வைத்திருத்தல் தகாது என்று மறைபரப்பு நாடுகள் அனைத்திற்கும் அறிவுறுத்தியது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. அது குருக்களின் மன்றம். பொதுநிலையினருக்கு அங்கே இருக்கை இல்லை. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உரோமையில் கூடிய உலக ஆயர் மாமன்றத்தில்தான் பெண்கள் உட்படப் பொதுநிலையினரும் வாக்களித்தனர். அங்கு வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினர். இடையிடையே செபமும் மௌனமும் காத்தனர். ஒவ்வொரு மேசையையும் வழிநடத்தியவருக்கு வாக்குரிமை இல்லை. பிறர் பேச இடம் அமைத்துத் தருவதே அவர் பணி.

தெளிவான ஒரு கேள்வி, போதிய நேரம், எல்லோரும் பேசும் உரிமை, முடிவைத் தம் கையிலேயே ஏற்கும் பொறுப்பு ஆகிய இந்நான்கும் வேண்டும். கூட்டியவர் காத்திருக்கக் கற்றாலன்றி இவை வாய்ப்பதில்லை.

அடுத்த அன்பியத்தில் வாசகம் முடிந்தபின் நாம் வாய்மூடி இருந்தோம். மௌனம் நீண்டது, நமக்கே பொறுக்கவில்லை. பிறகு மூதாட்டி ஒருவர், தம் தெருவில் நோயுற்றுத் தனித்துக் கிடக்கும் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யார் எந்நாள் உணவு கொண்டுசெல்வது என்பதை அவர்களே பகிர்ந்துகொண்டனர். நம்மிடம் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறினோம்.