தீர்த்தமலை இரும்பும் உலைக்களத் தூசியும்

அரூர் வட்டத்துத் தீர்த்தமலைக்குப் பக்தர்கள் நீராடப் போகிறார்கள். நிலவியலாளர்கள் இரும்பைத் தேடிப் போனார்கள். 1864-இல் கிங்கும் ஃபுட்டும் எழுதிய அறிக்கையில், காந்த இரும்புத் தாது அடுக்குகளின் ஒரு தொகுதிக்கு இந்த மலையின் பெயரே இருக்கிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதுவரை இதெல்லாம் சேலம் கணக்கு.

அந்தச் சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் உள்ளூர் உருக்குத் தொழிலை விவரமாக எழுதி வைத்தார். தாதுவை இடித்துத் தூளாக்கி, அதிலுள்ள வெங்கச்சங்கல்லைப் பிரிப்பார்கள். தண்ணீரில் அலசுவது ஒரு வழி, புடைத்துத் தூற்றுவது இன்னொரு வழி. மண் உலை ஆள் உயரம்கூட இராது. ஆட்டுத்தோல் துருத்திதான் காற்று தரும். கிடைத்த இரும்பைத் துண்டாக்கி, காய்ந்த ஆவாரங்குச்சியோடு மூசையில் போட்டு, எருக்கிலை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபது, இருபத்துநாலு மூசைகளை அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதினால் உருக்கு.

2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பீட்டர் பாஃப்லர் குழு, 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்தில் கரைத்துப் பார்த்தது. உள்ளே கண்ணுக்கே தெரியாத நுண்குழாய்கள், கார்பன் நானோக்குழாய்கள்! இப்படிப்பட்ட வாள்களுக்கு மூலப்பொருள் இந்திய உருக்கு. இந்த வாளின் உருக்கு எந்த ஊர் உலையில் பிறந்தது என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை.

உருக்குக்குள் இறுகிக் கிடக்கும் குழாய் யாரையும் ஒன்றும் செய்யாது. கொல்லரின் நெஞ்சுக்குப் பகை கரிப்புகையும், தூற்றும்போது பறந்த கல்தூசியும்தான். ஹீத் இலையின் பெயரைக்கூடக் குறித்தார், இருமலைக் குறிக்கவில்லை. வெங்கச்சங்கல்லின் சிலிகா தூசி தரும் நுரையீரல் நோய் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் ஏறியபோது அந்த உலைகள் பெரும்பாலும் அணைந்துவிட்டன.

இன்று அதே கார்பன் குழாய்கள் தூளாகத் தயாராகின்றன. ஆபத்து அந்தத் தூளில்தான். எலிகளின் நுரையீரலில் அழற்சியும் தழும்பும் கண்ட பிறகு, அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: 8 மணி நேரச் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். முகமூடி கடைசிக் காவல். முதலில் தூளைக் கொட்டும், நிறுக்கும் இடத்தை அடைத்து, காற்றை உறிஞ்சி வடிகட்ட வேண்டும். முடிந்தவரை திரவத்தில் கலந்தே கையாள வேண்டும். சேலத்தார் தாதுவை அலசியதும் தூசிக்கு அதே மருந்துதான், அவர்கள் நோக்கம் வேறாக இருந்தாலும். சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்குவது கூடவே கூடாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியையும் மூடிய பையில் கட்டிவிட வேண்டும்.