படிக்கத் தெரியாத வாசகன்: மெமரி கார்டு வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தொண்ணூறுகளில் எழுத வந்த எங்களுக்கு 'வாசகன்' பெரிய விஷயம். ஆசிரியன் செத்துவிட்டான், மிச்சம் இருப்பது பிரதிதான், அதற்கு அர்த்தம் தருபவன் வாசகனே என்று டீக்கடை பெஞ்சில் மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். வாசகன் ஓர் இயந்திரமாக இருந்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி 2012இல் வந்தது. பழைய மடிக்கணினி ஒன்றின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பொந்து வழியாக வந்தது. அந்தப் பொந்தின் பெயரே 'கார்டு ரீடர்'.

தூத்துக்குடி பக்கம் உப்பளங்களில் உப்பு வாரியே காலம் கழித்த பதினொரு பெண்களிடம் பேசிப் பதிவு செய்திருந்தோம். கூலி, கடன், கங்காணி, வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன கண் எல்லாம் அதில் இருந்தன. எல்லாரும் கூடிப் பேசியதை மட்டும் ஒரே நீளமாக வீடியோ எடுத்தோம். தனித்தனியாகப் பேசியபோது காமிரா வேண்டாம் என்றுவிட்டார்கள். 'மூஞ்சி வேண்டாம்யா, வம்பு' என்றார் ஒருவர். எனவே குரல் மட்டும். கூட வந்த நண்பர் கல்யாண வீடியோ எடுப்பவர். எல்லாவற்றையும் தன் கணினியில் சேர்த்து, ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவரின் பெயரையும் ஊரையும் தமிழிலேயே தலைப்பாக வைத்து, 32 ஜி.பி. எஸ்.டி. கார்டு ஒன்றில் போட்டுக் கொடுத்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமே, தன்னிடம் இருந்ததைத் துடைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. 'அதான் உங்ககிட்ட இருக்கே' என்றார்.

கார்டைச் சொருகினேன். விண்டோஸ் எக்ஸ்.பி. ஒரு பெட்டியைக் காட்டியது. இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா? புதுக் கார்டு, அப்படித்தான் கேட்கும்போல என்று 'சரி' கொடுத்தேன். மறுபடியும் எச்சரித்தது. அதற்கும் 'சரி'. அரை நிமிஷத்தில் கார்டு திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

2

நடந்தது என்ன? அந்தக் கணினிக்கு அந்தக் கார்டைப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் அது 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்று சொல்லவில்லை. 'இதில் எதுவும் எழுதப்படவில்லை' என்று சொன்னது. தன் இயலாமையைக் கார்டின் குறையாக அறிவித்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

இது நமக்குப் பழகிய பேச்சு. ரெவின்யூ கணக்கில் 'தரிசு' என்று எழுதப்பட்ட நிலத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கணக்கெழுதியவரின் மொழியில் அதற்கெல்லாம் சொல் இல்லை. சொல் இல்லை என்பது 'ஒன்றும் இல்லை' என்று ஆகிவிட்டது. கார்டு ரீடரின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தது இந்த எரிச்சலில்தான். எது தெரியாததால் படிக்க முடியவில்லை, எது தடுக்கப்பட்டதால் படிக்க முடியவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

3

கார்டுக்குள் இருப்பது ஃப்ளாஷ் நினைவகம். மின்சாரம் போனாலும் எழுதியதை வைத்திருக்கும். தோஷிபாவில் வேலை செய்த ஃபூஜியோ மசுவோகா இதை 1984இல் உலகுக்கு அறிவித்தார். இன்றைய கார்டுகளின் அடிப்படையான நாண்ட் வகையை 1987இல் முன்வைத்தார். ஒரே வீச்சில் அழிக்கலாம் என்பது இதன் சிறப்பு. அந்த அழிப்பு காமிரா வெளிச்சம்போல் இருக்கிறதென்று சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர்தான் 'ஃப்ளாஷ்'. ஆக, இந்தப் பொருளுக்குப் பெயர் வந்ததே அழிப்பிலிருந்துதான். தன் உழைப்புக்கு உரிய பங்கு கேட்டு மசுவோகா 2004இல் தோஷிபாமீது 100 கோடி யென்னுக்கு வழக்குப் போட்டார். 2006இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. நினைவைக் கண்டுபிடித்தவரை நிறுவனம் எப்படி நினைவில் வைத்திருந்தது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

பிறகு கார்டுகளின் சண்டை. 1994இல் சான்டிஸ்க்கின் காம்பாக்ட்ஃப்ளாஷ், 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா, 1997இல் சான்டிஸ்க்கும் சீமென்ஸும் சேர்ந்து மல்டிமீடியா கார்டு, 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999இல் மட்சுஷிட்டா, சான்டிஸ்க், தோஷிபா மூவரும் அறிவித்த எஸ்.டி., 2002இல் ஒலிம்பஸும் ஃபூஜிஃபிலிமும் கொண்டுவந்த எக்ஸ்.டி. உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றே, உறைதான் வேறு. ஒரு கம்பெனி காமிராவை வாங்கியவன் அந்தக் கம்பெனி கார்டையே வாங்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். கடைசியில் 2010இல் சோனியே எஸ்.டி. கார்டு விற்க வந்தது. அதற்குள் எத்தனை வீட்டு அலமாரிகளில் படிக்க ரீடர் இல்லாத கார்டுகள் தூங்கப் போய்விட்டன!

ஜெயித்த எஸ்.டி.யின் விரிவு 'செக்யூர் டிஜிட்டல்', அதாவது 'பாதுகாப்பான'. யாருக்குப் பாதுகாப்பு? 1998இல் எம்.பி.3 பெட்டிகள் கடைக்கு வந்ததும் இசைக் கம்பெனிகள் பதறின. பாட்டை வாங்கியவன் நகலெடுக்கக் கூடாது என்பதற்காக ஒரு பூட்டைக் கார்டுக்குள் வைக்கச் செய்தார்கள். அந்தப் பூட்டை வைத்துத்தான் பெயர். கையில் வைத்திருப்பவனிடமிருந்து பாதுகாப்பு என்று படித்துக்கொள்ள வேண்டும்.

கார்டின் ஓரத்தில் மேலும் கீழும் தள்ளும் 'லாக்' ஒன்று இருக்குமே, அதையும் பாருங்கள். கார்டின் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது ரீடரில் இருக்கும் சுவிட்ச். பார்த்ததை மதிப்பதா வேண்டாமா என்பது கணினியின் முடிவு. கார்டுக்குத் தான் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. பிளாஸ்டிக் துண்டு உடைந்து விழுந்துவிட்டால் 'எழுத அனுமதி இல்லை' என்று ரீடர் பிடிவாதம் பிடிக்கும். ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும், சட்டம் தளர்ந்துவிடும்.

4

ரீடர் கார்டைப் படிக்க மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, கார்டும் ரீடரும் பேசிக்கொள்ளும் பாஷை. பழைய எஸ்.டி. கார்டு 2 ஜி.பி. வரைதான். அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு விலாசம். 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜி.பி. வரை போனது. பைட்டுக்கு விலாசம் வைத்துக் கட்டுப்படியாகாததால் 512 பைட்டுக்கு ஒரு விலாசம் என்று மாற்றினார்கள். உருவம் அதே தபால்தலை அளவு, பாஷை மட்டும் வேறு. புது ரீடர் எடுத்த எடுப்பிலேயே 'பெரிய கார்டும் எனக்குப் புரியும்' என்று சொல்ல வேண்டும். பழைய ரீடருக்கு அந்த வாக்கியம் தெரியாது. அது சொல்லாதவரை 4 ஜி.பி. கார்டு வாயே திறக்காது. 2005 வாக்கில் மடிக்கணினி வாங்கியவர்கள் பலர் இப்படி மவுனமான கார்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு அலைந்திருப்பார்கள். இது அறியாமையால் வந்த கோளாறு, ஒத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாசல் டிரைவர். மடிக்கணினியின் உள்ளே பொருத்திய ரீடர்களில் பல தனித்தனிக் கம்பெனிகளின் சில்லுகள். அந்தந்த டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸுக்கு அது என்ன பொருள் என்றே தெரியாது. 'பேஸ் சிஸ்டம் டிவைஸ்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெயரைப் போட்டுப் பக்கத்தில் மஞ்சள் குறி வைத்துவிடும். 2007இல் விஸ்டா கடைக்கு வந்தபோது பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்குப் புது டிரைவர் எழுத யாருக்கும் அக்கறையில்லை. அதன் 64 பிட் பதிப்போ கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளேயே விடாது. கை கால் எல்லாம் நன்றாக இருக்கும் பொருள், அடையாள அட்டை இல்லாததால் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. ரீடர் எந்த டிரைவரும் கேட்காமல் அதே கார்டைப் படித்துவிடும். அது பொதுவான ஒரு தரத்தைப் பின்பற்றுகிறது, அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. விலை உயர்ந்த உள்வீட்டுப் பிள்ளை தோற்றுப்போகும் இடத்தில் தெருப்பிள்ளை ஜெயிக்கிறது.

லினக்ஸ்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். எஸ்.டி. விவரக்குறிப்புகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் பார்க்க முடியும். கையெழுத்துப் போட்டால் திறந்த மூலநிரல் எழுத முடியாது. எனவே இயந்திரம் நடந்துகொள்வதைக் கவனித்துக் கவனித்து அதன் இலக்கணத்தை வெளியிலிருந்தே ஊகித்தார்கள். பியேர் ஓஸ்மான் எழுதிய டிரைவர் 2006இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. எஸ்.டி. சங்கம் விவரக்குறிப்பின் சுருக்கிய வடிவத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். பூட்டு உடைந்த பிறகு சாவி கொடுக்கப்பட்டது.

5

என் கார்டு இந்த இரண்டு வாசல்களையும் தாண்டிவிட்டது. மாட்டிக்கொண்டது மூன்றாவதில், அதாவது கோப்பு முறையில். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்று எழுதி வைக்கும் பதிவேடு அது. ஃபேட்32 என்ற பழைய முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தொட முடியாது. எங்கள் வீடியோ அதைவிடப் பெரிது. நண்பரின் விண்டோஸ் 7 கணினி கார்டை மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியிருந்தது. எக்ஸ்.பி.க்கு எக்ஸ்ஃபேட்டைக் கற்றுத்தரும் இணைப்பை மைக்ரோசாஃப்ட் 2009 ஜனவரியில் வெளியிட்டது உண்மை. இணையமே பார்க்காத என் கணினிக்கு அது எப்படி வந்து சேரும்?

அதே 2009 ஜனவரியில்தான் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகளும் அறிவிக்கப்பட்டன. அவற்றுக்கு எக்ஸ்ஃபேட்தான் என்று தரமே விதித்தது. இதில் தொழில்நுட்பக் கட்டாயம் எவ்வளவு? ஃபேட்32ஆல் 2 டி.பி. வரை போக முடியும். விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி 32 ஜி.பி.யில் நின்றது. அந்தப் பெட்டியை 1990களில் எழுதிய டேவ் பிளம்மர், அந்த எல்லை அன்று காலை தான் தன்னிச்சையாக வைத்ததுதான் என்று 2024இல் சொன்னார். ஒரு காலைப்பொழுதின் முடிவு உலகத்துக்கே எல்லையாக உறைந்துபோனது. அதிகாரத்துக்குத் தோற்றுவாய் தேடிப் போனால் பெரும்பாலும் இப்படிச் சாதாரணமான ஒரு மேஜைதான் கிடைக்கிறது.

சாதாரணமல்லாதது காப்புரிமை. 2009 பிப்ரவரியில் டாம்டாம் என்ற வழிகாட்டிக் கருவிக் கம்பெனிமீது மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்தது. மார்ச்சில் சமரசம். டாம்டாம் பணம் கொடுத்தது, இரண்டு ஆண்டுகளுக்குள் சில செயல்பாடுகளைத் தன் கருவிகளிலிருந்து நீக்கவும் ஒத்துக்கொண்டது. எதைப் பற்றிய செயல்பாடுகள் தெரியுமா? ஃபேட்டில் ஒரு கோப்புக்கு நீளமான பெயரும் குட்டையான பெயரும் சேர்த்து வைப்பது பற்றி.

இங்கேதான் நம் கதை வந்து சேர்கிறது. பழைய ஃபேட்டில் பெயர் என்றால் எட்டு எழுத்து, பின்னால் மூன்று எழுத்து. அதில் தமிழுக்கு இடம் கிடையாது. தமிழில் ஒரு கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் அந்த 'நீளமான பெயர்' என்ற ஏற்பாட்டில்தான் முடியும், யூனிகோடுக்கு இடமுள்ளது அங்கேதான். ஆக, ஃபேட்டில் தமிழ்ப் பெயர் உட்காரக்கூடிய ஒரே திண்ணைக்கு வேறொருவர் பட்டா வைத்திருந்தார். அதற்கு அடுத்த தலைமுறையான எக்ஸ்ஃபேட்டும் அதே கதைதான். அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2019 ஆகஸ்டில். அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டு நவம்பரில் லினக்ஸ் கெர்னல் அதைப் படிக்க ஆரம்பித்தது. என் கார்டு காலியாகி ஏழு வருஷம் ஆகிவிட்டிருந்தது.

6

கார்டு உண்மையில் காலியாகவில்லை. அவசர ஃபார்மேட் பதிவேட்டை மட்டும்தான் மாற்றி எழுதும், பெரும்பாலான உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். இன்னொரு நண்பர் போட்டோரெக் என்ற இலவசக் கருவியை ஓட்டினார். அது பதிவேட்டை நம்புவதே இல்லை. கார்டை ஆரம்பத்திலிருந்து துண்டு துண்டாகப் படித்து, இங்கே ஒரு குரல் தொடங்குகிறது, இங்கே ஒரு படம் தொடங்குகிறது என்று தடயங்களை வைத்து மீட்கும். காலனிய ஆவணங்களை அவற்றின் போக்குக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்று 1980களில் ரணஜித் குஹா சொன்னதைக் கூட்டங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அதைச் செய்கிற ஒரு நிரலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பத்துக் குரல்கள் திரும்பி வந்தன. வீடியோ பாதி ஓடியது. ஒரு குரல் வரவே இல்லை. வந்த கோப்புகளுக்கும் பெயர் இல்லை, பெயர் இருந்த பதிவேடுதான் போய்விட்டதே. வெறும் எண்கள். உப்பளத்துச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாத நாட்களைப் பற்றிப் பேசிய பெண்கள், பேச்சு மட்டும் மிஞ்சிப் பெயரில்லாமல் என் கணினியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்துக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஊர் ஊராகப் போனோம். போட்டுக் காட்டக் காட்ட அடையாளம் சொன்னார்கள். ஒருவர் இடைப்பட்ட மாதங்களில் இறந்துபோயிருந்தார். குரலை வைத்துச் சொன்னது அவர் மகள். வராமல்போன குரலுக்குச் சொந்தக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, மறுபடியும் பேச முடியுமா என்று கேட்டேன். 'அன்னைக்கே சொன்னேம்லா. இன்னொருக்கா சொல்ல முடியாதுய்யா' என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு தடவை சொல்லப்பட்டாயிற்று. தொலைத்தது நான்.

வாய்மொழி வரலாறு சேகரிக்கும் தோழர்கள் இன்று பலர். அவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது சொற்பம். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று எது கேட்டாலும் கார்டை உருவிக்கொண்டு வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். பெயரைக் கோப்பின் தலைப்பை நம்பி விடாதீர்கள். 2012க்குப் பிறகு நாங்கள் செய்யும் ஒவ்வொரு பதிவிலும், பேசுபவர் முதலில் தன் பெயரையும் ஊரையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்.