பேராமைக் கரையில் இரவு நடப்பவர்கள்

கோஸ்டா ரிக்காவின் கரீபியக் கரையில் இருக்கும் டோர்டுகேரோவுக்கு இன்றும் சாலை கிடையாது. கால்வாய் வழியே படகிலோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும். ஜூலை பிறந்ததும், முதுகில் பெரிய பையைச் சுமந்தபடி பல நாட்டு இளைஞர்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள். தங்கவும் உண்ணவும் தாங்களே பணம் கட்டிவிட்டு, இரவெல்லாம் கருமணலில் நடந்து, முட்டையிட ஏறிவரும் ஆமைகளைக் கணக்கெடுக்கிறார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன்பும் இதே மணலில் இரவெல்லாம் ஆட்கள் நடந்தார்கள். கரையேறும் ஆமையை மல்லாக்கப் புரட்டிப் போடுவது அவர்களுடைய வேலை.

வெலதோர்கள் என்று அழைக்கப்பட்ட அந்த ஆட்களுக்குக் கரையில் ஆளுக்கு ஒரு மைல் என்று பங்கு பிரித்திருந்தது. மல்லாந்த ஆமையால் தானாகத் திரும்ப முடியாது. விடிந்ததும் அதன் துடுப்பில் மிதவைக் கட்டையைக் கட்டிக் கடலுக்குள் தள்ளுவார்கள். காத்திருக்கும் படகு அதை இழுத்துக்கொள்ளும். படகு வராத நாட்களில், சூப்புக்கு வேண்டிய குருத்தெலும்பை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு உடலை மணலிலேயே அழுக விட்டதும் உண்டு. மன்னார் வளைகுடா மீனவர்கள் பேராமை என்று சொல்லும் அதே இனம்தான் இது. ஐரோப்பிய, அமெரிக்க விருந்து மேசைகளில் அதன் சூப்புக்கு இருந்த மவுசு, கரீபியக் கடலின் ஒவ்வொரு ஆமைக் கரையையும் வரிசையாகக் காலிசெய்துகொண்டு வந்தது. மேற்குக் கரீபியத்தில் பெருங்கூட்டமாக ஆமைகள் எஞ்சியிருந்த கரை டோர்டுகேரோ.

ஃப்ளோரிடா பல்கலைக்கழக விலங்கியலாளர் ஆர்ச்சி கார், ஆமைகளைத் தேடிக் கரீபியக் கரைகளில் அலைந்து, 1950களில் இங்கே வந்து சேர்ந்தார். 1955இல் ஆமைகளின் துடுப்பில் உலோக வில்லை பொருத்தும் வேலையைத் தொடங்கினார். வில்லையைத் திருப்பி அனுப்புவோருக்குச் சிறு சன்மானம் உண்டு. நிகரகுவா கரையில் ஆமை பிடித்த மீனவர்கள் வில்லைகளை அனுப்ப அனுப்ப, இந்த ஆமைகள் எங்கே மேய்ந்து எங்கே முட்டையிடுகின்றன என்பது முதன்முறையாகத் தெளிந்தது. இந்த அறிவியலில் பாதி, ஆமையைக் கொன்று சாப்பிட்டவர்கள் கொடுத்தது. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

1956இல் அவருடைய ‘தி விண்ட்வர்ட் ரோடு’ வெளிவந்தது. அதைப் படித்து நெகிழ்ந்த பதிப்பாளர் ஜோஷுவா பவர்ஸ் நண்பர்களைத் திரட்டிப் பேராமைக்காக ஒரு சகோதரத்துவக் குழுவை உருவாக்க, அது 1959இல் கரீபியப் பாதுகாப்புக் கழகமாக வளர்ந்தது. குஞ்சுகளை அமெரிக்கக் கடற்படை விமானங்களில் ஏற்றிக் கரீபியம் முழுக்கக் கொண்டுபோய் விட்டார்கள். அதனால் புதிய ஆமைக் கரைகள் எதுவும் உருவாகிவிடவில்லை. நிலைத்தது எளிய வேலைதான்: ஆண்டுதோறும் அதே கரையில் இரவில் நடப்பது, எண்ணுவது, எழுதி வைப்பது. அதைக் காரின் மாணவர்களும் உதவியாளர்களும் செய்தார்கள். பிற்காலத் தன்னார்வலர்கள் கையில் எடுத்ததும் இதே வேலையைத்தான்.

இப்படிப்பட்டவர்கள் தேடிவர இந்தச் சிறு நாட்டில் என்ன இருந்தது? காடும் கடலும் அண்டை நாடுகளிலும் இருந்தன. ஆனால் கோஸ்டா ரிக்காவில் ராணுவம் இல்லை. 1948 உள்நாட்டுப் போரில் வென்ற ஹோசே ஃபிகேரஸ், அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று ராணுவத்தையே கலைத்தார். 1949 அரசியல் சாசனம் அதை உறுதிசெய்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் அலபாமாவில், கட்டாய ராணுவப் பதிவுக்கு மறுத்ததற்காகக் குவேக்கர் கிறித்தவ இளைஞர்கள் நால்வர் சிறை சென்றார்கள். அவர்கள் சமூகத்தார் குடியேற வேறு நாடு தேடியபோது, ராணுவம் இல்லாத நாடு கண்ணில் பட்டது. 1951இல் பதினொரு குடும்பங்கள் போல மலை மேல் குடியேறி, தங்கள் இடத்துக்கு மாண்டிவெர்டே என்று பெயர் வைத்தன. மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்து விற்றார்கள். ஊற்றுக்கண் வற்றாதிருக்க மேல்மலைக் காட்டில் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டார்கள். ஆராய்ச்சி மாணவரான ஜார்ஜ் பவல் அங்கே வந்து, குவேக்கர் விவசாயி வில்ஃபோர்ட் கின்டனோடு சேர்ந்து உழைத்ததில், 1972இல் மாண்டிவெர்டே முகில்காடு காப்பகம் பிறந்தது.

பசிபிக் பக்கம் இன்னொரு கதை. ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் வெஸ்பெரியும் அவர் மனைவி, டென்மார்க்கைச் சேர்ந்த கேரன் மோகென்சனும் 1955இல் நிக்கோயா தீபகற்பத்தின் மாண்டெசூமாவில் பழத்தோட்டம் போட்டுக் குடியேறினார்கள். கண்ணெதிரே காடு அழிவதைக் கண்டு, உலகெங்கும் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார்கள். 1963இல் காபோ பிளாங்கோ முழுமையான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தெற்கே ஓசா தீபகற்பத்துக் காட்டையும் காக்க வேண்டும் என்று அதைப் பார்வையிடப் போன வெஸ்பெரி, 1975இல் அங்கே கொல்லப்பட்டார். அதே ஆண்டு அந்தக் காடு கோர்கோவாடோ தேசியப் பூங்கா ஆனது.

1970இல் மரியோ போசா, ஆல்வரோ உகால்டே என்ற இரு இளைஞர்களை வைத்துக்கொண்டு அரசு தேசியப் பூங்காத் துறையைத் தொடங்கியது. ஆள் இல்லை, பணம் இல்லை, பூங்கா என்று வரைபடத்தில் குறித்த நிலத்தில் மாடு மேய்ந்தது. கென்னடி தொடங்கிய பீஸ் கோர் அமைப்பின் அமெரிக்க இளைஞர்கள் 1963 முதலே இந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களில் சிலர் பூங்காக்களுக்கு வந்து, ஆளில்லாத துறைக்குக் கைகொடுத்தார்கள். வெளிநாட்டு இளைஞர் வந்து காட்டில் உழைக்கும் வழக்கம் இந்தப் பற்றாக்குறையில்தான் வேர்விட்டது. சுற்றுலா நிறுவனங்கள் அதை விற்கக் கற்றது வெகுநாள் கழித்து.

1987இல் இரண்டு நிகழ்வுகள். மத்திய அமெரிக்கப் போர்களை ஓய்க்க உழைத்த அதிபர் ஆஸ்கர் அரியாஸுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்து, நாட்டின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது. ஸ்வீடனில் ஆசிரியை ஏஹா கெர்னின் வகுப்புச் சிறுவர்கள், மாண்டிவெர்டே காட்டை வாங்கிக் காப்பாற்றக் காசு சேர்க்கத் தொடங்கினார்கள். பல நாட்டுப் பிள்ளைகளும் சேர, அது ‘சிறுவர்களின் நிரந்தரக் காடு’ ஆனது. இன்று அது 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து, நாட்டின் மிகப் பெரிய தனியார் காப்பகமாக நிற்கிறது. இவற்றையெல்லாம் கேள்விப்பட்ட முதுகுப்பைப் பயணிகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். 1993இல் சுற்றுலா வருமானம் வாழைப்பழ ஏற்றுமதியை முந்தியது.

வந்தவர்களில் பலர் பார்த்துவிட்டுப் போக விரும்பவில்லை. ஏதாவது செய்ய விரும்பினார்கள். அந்த ஆசைக்கு விலையும் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய எர்த்வாட்ச், பணம் கட்டும் தன்னார்வலர்களை ஆய்வாளர்களோடு களத்துக்கு அனுப்பும் முறையைப் பரப்பியது. பசிபிக் கரையின் பிளாயா கிராண்டேயில், ஏழுவரி ஆமை என்னும் வேறொரு இனத்தின் ஆய்வுக்கும் அவர்கள் வந்தார்கள். பணமும் கட்டி வேலையும் செய்வதா என்று நம்மூரில் கேட்பார்கள். ஆண்டுக்கணக்கில் இரவு ரோந்துக்குச் சம்பளம் கொடுக்கப் பல ஆய்வுகளுக்கு வசதி இல்லை. தன்னார்வலர் கட்டணம்தான் பல கரைகளில் வேலையை ஓட வைத்தது. அதை ஏமாற்று என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

ஆனால் நல்லெண்ணத்துக்கும் எல்லை உண்டு. பிளாயா கிராண்டேயில் 1988-89 பருவத்தில் 1,367 ஏழுவரி ஆமைகள் முட்டையிட வந்தன. 1998-99இல் வந்தவை 117 மட்டுமே. பல்லாண்டுகள் முட்டைகளை அள்ளியதும், நடுக்கடலில் மீன்வலையிலும் தூண்டில் கயிற்றிலும் ஆமைகள் சிக்கிச் செத்ததும் காரணம். மணலில் எத்தனை பேர் காவல் நடந்தாலும், கடலில் போனதை மணல் மீட்டுத் தராது.

அதே பசிபிக் கரையின் ஒஸ்டியோனல் கிராமம் வேறு வழியில் போனது. பங்குனி ஆமைகள் அங்கே ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறுகின்றன. பின்னால் வருபவை முன்னால் வந்தவற்றின் குழிகளைத் தோண்டிச் சிதைத்துவிடும். எப்படியும் வீணாகும் அந்த முதல் முட்டைகளை, கூட்டம் கரையேறத் தொடங்கியதும் கிடைக்கும் குறுகிய நேரத்துக்குள் கிராமத்தார் எடுத்து விற்க 1987இல் அரசு அனுமதித்தது. கைம்மாறாக அவர்களே கரையைத் துப்புரவாக்கி, திருடர்களிடமிருந்து காக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பலருக்கு இது முகம் சுளிக்க வைக்கும் ஏற்பாடு. ஆனால் ஆமையால் வயிறு நிறையும் குடும்பம் ஆமையைக் காக்கும் என்ற கணக்கு அங்கே பலித்திருக்கிறது.

டோர்டுகேரோவும் அந்தப் பாடத்தைத் தன் வழியில் கற்றது. 1990இல் ஊர்க்காரர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி தொடங்கியது; இரவில் ஆமை பார்க்கப் போகிறவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். 1999 வரை, டோர்டுகேரோ இருக்கும் லிமோன் மாகாணத்தில் பேராமை பிடிக்கச் சட்டமே இடம் கொடுத்தது. அந்த ஆண்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. 1970களுக்கும் 2000களின் தொடக்கத்துக்கும் இடையே இந்தக் கரையில் குழிகளின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. அண்மை ஆண்டுகளில் அது மீண்டும் சரிவதாக அதே கணக்கேடு காட்டுகிறது. எழுதி வைக்கும் வேலை ஏன் நிற்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இந்த வேலையின் சுமை யார் தோளில் இருக்கிறது என்பதை 2013 காட்டியது. லிமோன் துறைமுகத்தை அடுத்த மோயின் கரையில் முட்டைத் திருடர்கள் நடமாட்டமும் போதைக் கடத்தலும் பெருகியிருந்தன. காந்தோகாவில் சிறுவயதிலிருந்தே ஆமைகளோடு வளர்ந்த ஹைரோ மோரா சாந்தோவால், 26 வயது இளைஞர், அங்கே இரவு ரோந்தை நடத்தினார். மே 31 இரவு, வெளிநாட்டுத் தன்னார்வலப் பெண்கள் நால்வரோடு போன அவரை ஆயுதம் ஏந்தியவர்கள் மறித்தார்கள். கடத்தப்பட்ட பெண்கள் உயிர் தப்பினார்கள். மறுநாள் காலை ஹைரோவின் உடல் மணலில் கிடந்தது. முதல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். மறுவிசாரணையில், 2016இல், நால்வருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. காந்தோகா-மன்சனில்யோ வனவிலங்குப் புகலிடம் இன்று அவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.

முதுகுப்பையோடு வருகிறவர் சில வாரம் நடந்துவிட்டு விமானம் ஏறுவார். அடுத்த பருவத்திலும் அதே மணலில் நடக்க வேண்டியவர் ஹைரோவைப் போன்ற ஊர்ப்பிள்ளை. அவரைச் சம்பளமும் பாதுகாப்பும் இல்லாமல் விடும் எந்தத் திட்டமும், எத்தனை நாட்டுக் கொடி பறந்தாலும், நல்ல திட்டம் ஆகாது. கோஸ்டா ரிக்காவுக்குப் போய் ஆமைக்கரையில் உழைக்க நினைக்கும் தமிழ் இளைஞர்கள் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இரவு ரோந்தை நடத்துபவர் அந்த ஊர்க்காரரா, அவருக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம் உண்டா, சேரும் எண்ணிக்கையை யார் பயன்படுத்துகிறார்கள்? பதில் தெளிவாக இருந்தால் கிளம்புங்கள். கரீபியக் கரையில் ஏழுவரி ஆமைக்கு மார்ச் முதல் ஜூன் வரை; பேராமைக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை.